அரை நிஜார் போட்ட கிளாம்பு

அந்தக் காலத்தில் எங்கள் பட்டறையில் கிளாம்புக்கு இரண்டு கால் உண்டு. அரை நிஜார் போட்டிருக்கும். மூக்கு ஒழுகும். ஐந்தாம் வகுப்பு படிக்கும். "அமுக்கிப் புட்றா" என்றால் அமுக்கிப் பிடிக்கும், "உட்றா" என்றால் விட்டுவிடும். வேலை முடிந்ததும் எண்ணெய் போட்டு ஆணியில் மாட்ட வேண்டியதில்லை. தானே வீட்டுக்குப் போய்ச் சோறு தின்றுவிடும். அந்தக் கிளாம்பு நான்தான்.

1970களின் தொடக்கம். திருவண்ணாமலை அப்போது வட ஆற்காடு மாவட்டத்தில் ஒரு தாலுகா ஊர். மாவட்டத் தலைநகராகும் யோகம் 1989இல்தான் வந்தது. பௌர்ணமி தோறும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை முழுக்கத் தலைகளாகத் தெரியும் காலமும் இன்னும் வரவில்லை. பே கோபுரத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் ஓலைக் கொட்டகை போட்டு அப்பா தச்சுப் பட்டறை வைத்திருந்தார். கதவு, ஜன்னல், கட்டில், கல்யாணச் சீர் பீரோ, எப்போதாவது ஒரு பல்லக்குக் கால். கைவாளும் இழைப்புளியும் கொட்டாப்புளியும்தான் குலதெய்வங்கள். அந்தக் கூட்டத்துக்குள் ஒருநாள் ரம்ப மேசை வந்து சேர்ந்தது.

மூடிப்போன ஒரு சாமில்லில் இருந்து மாட்டு வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். வார்ப்பிரும்பு மேசை, கோயம்புத்தூர் மோட்டார், ஒரு பெல்ட், 12 அங்குல ரம்பத் தட்டு. மோட்டார் நிமிடத்துக்கு 1,440 சுற்று சுற்றும். புல்லியின் கணக்கில் தட்டு அதைப்போல் இரண்டு மடங்கு. பின்னாளில் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன்: அந்தத் தட்டின் விளிம்பில் இருந்த பல் மணிக்கு ஏறக்குறைய 165 கிலோமீட்டர் வேகத்தில் போயிருக்கிறது. அந்த வேகத்தில் அன்றைக்கு எங்கள் ஊரில் வேறெதுவும் ஓடவில்லை. அதன் பக்கத்தில் நிற்கத்தான் அரை நிஜார்.

மேசையோடு ஒரு கைடும் வந்தது. பலகை எந்த அகலத்தில் அறுபட வேண்டுமோ அந்த அகலத்தில் ரம்பத்துக்கு இணையாக நிற்க வேண்டிய இரும்புச் சட்டம். முன்பக்கத் திருகை இறுக்கினால் பின்பக்கம் ஒரு நூல் நகர்ந்துவிடுவது அதன் சுபாவம். எங்கள் தொழிலில் ஒரு நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. பலகைக்கு அது போதும். கைடின் பின்முனை ரம்பத்தின் பக்கம் சாய்ந்திருந்தால், தள்ளத் தள்ளப் பலகைக்கு இடம் குறைந்துகொண்டே வரும். ரம்பத்தின் முன்பல் மரத்தைக் கீழே அழுத்தும். பின்பல்லோ மேசையிலிருந்து மேலே எழுந்து வரும். நெருக்குப்பட்ட பலகையை அந்தப் பின்பல் பிடித்துக்கொண்டால், தள்ளுகிறவன் வயிற்றைப் பார்த்துத் திருப்பி எறியும். எங்கள் கொட்டகையின் தட்டியில் அப்படிப் பறந்துபோன துண்டுகள் போட்ட ஓட்டைகள் வழியாகத்தான் காலை வெயில் உள்ளே வரும்.

அப்பா அந்தக் கைடைக் கழற்றிச் சுவரோரம் சாத்திவிட்டார். அதற்குப் பதில் நேராக இழைத்த தேக்குச் சட்டம் ஒன்று. அதை மேசையோடு சேர்த்து இரண்டு முனையிலும் இறுக்க வேண்டும். அதற்கு இரண்டு கிளாம்பு வேண்டும். எங்களிடம் ஒன்றுதான் இருந்தது.

அது ஷெஃபீல்டில் செய்தது. 'ரெக்கார்ட்' என்று வார்ப்பிலேயே எழுத்து புடைத்து நிற்கும். யாரோ ஒரு துரையின் பங்களா ஏலத்தில் வாங்கியதாகப் பட்டறையில் ஒரு வரலாறு உண்டு. ஆயுத பூஜைக்குச் சந்தனமும் குங்குமமும் முதலில் அதற்குத்தான், பிறகுதான் எங்களுக்கு. அந்த வெள்ளைக்காரக் கிளாம்பு முன்முனையைப் பிடிக்கும். பின்முனையில், மேசைக்கும் அடித்து வைத்த கட்டைக்கும் நடுவே ஓர் ஆப்பு. ஆப்பு தளர்ந்தால் தட்டுவதற்கும், தட்டிய பிறகும் நம்பிக்கை இல்லாததால் சட்டத்தை அமுக்கிப் பிடிப்பதற்கும் நான்.

இன்னொரு கிளாம்பு வாங்கக் கூடாதா என்றால், வாங்கலாம். லூதியானாவிலும் ஜலந்தரிலும் வார்த்த நாட்டுச் சரக்கு வேலூர் இரும்புக் கடைகளில் தொங்கிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அந்த ஒன்றின் விலைக்கு ஒரு கையாள் வாரம் முழுக்க நின்று பிடிப்பான். மகன் என்றால் அந்தச் செலவும் இல்லை, ஒரு பொரி உருண்டையோடு கணக்கு முடிந்தது. பொருளாதாரம் அறிந்த எந்த மனிதனும் அப்பா செய்ததைத்தான் செய்திருப்பான்.

நீளமான சட்டம் கிழிக்கும்போது எனக்குப் பதவி உயர்வு. மேசைக்குப் பின்னால் போய் நிற்க வேண்டும். பச்சை மரமாக இருந்தால், அறுபட்ட இரண்டு பாதியும் உள்விசையில் மறுபடி ஒன்றை ஒன்று நெருங்கி ரம்பத்தைக் கவ்விக்கொள்ளும். கவ்வாமல் இருக்க, அறுத்த வாயில் சின்ன ஆப்பு ஒன்றைச் செருகிக்கொண்டே வர வேண்டும். நல்ல இயந்திரங்களில் ரம்பத்தின் பின்னாலேயே ஓர் இரும்புத் தகடு நின்று இந்த வேலையைச் செய்யும். எங்கள் இயந்திரத்தில் அந்தத் தகடு இருக்க வேண்டிய இடத்தில் என் பெயர் இருந்தது.

அம்மா ஒருநாள் கேட்டாள், பையனைப் போய் அங்கே நிறுத்துகிறீர்களே என்று. அப்பாவிடம் பதில் தயாராக இருந்தது. கார்த்திகை தீபத் திருவிழாவில் ஏழாம் நாள் ஐந்து தேர் ஓடும். அதில் பராசக்தி தேரைப் பெண்கள்தான் இழுப்பார்கள். கடைசியில் வரும் சண்டிகேஸ்வரர் தேர் சிறுவர்களுடையது. "அண்ணாமலையாரே சின்னப் பசங்களுக்குன்னு ஒரு தேர ஒதுக்கி வெச்சிருக்காரு. நான் ஒரு ஆப்புதான குடுத்தேன்" என்றார். சுவாமியைச் சாட்சிக்கு இழுத்த பிறகு அம்மா வழக்கை நடத்தவில்லை.

அப்பாவுக்குத் தேரில் இருந்த ஈடுபாடு பக்தியைவிடத் தொழில் சார்ந்தது. ஆயிரக்கணக்கான பேர் வடம் பிடிப்பதைப் பார்க்க மாட்டார். சக்கரத்தோரம் குனிந்து ஓடும் முட்டுக்கட்டைக்காரர்களைத்தான் பார்ப்பார். தேருக்குத் திசைமாற்றி கிடையாது. மாட வீதி முனையில் சக்கரத்தின் கீழே சரியான பக்கத்தில், சரியான கணத்தில் ஒரு கட்டை விழுந்தால் தேர் திரும்பும். ஒரு சாண் தள்ளி விழுந்தால் திண்ணையில் ஏறும். "இழுக்கிறது எவன் வேணா இழுப்பான். கட்ட போடறவன்தான் தேர ஓட்டறான்" என்பார். தேக்குச் சட்டத்துக்கும் ரம்பத்துக்கும் நடுவில் அவர் செய்ததும் அதுவே. இந்தத் தத்துவத்தில் எனக்கு மறுப்பில்லை. கட்டை போடுகிறவனுக்கு எத்தனை வயது என்பது மட்டும் அதில் சேரவில்லை.

கையை இறுக்கும் கருவி நம் மாகாணத்துக்குப் புதிதும் அல்ல. வரி கட்டாத குடியானவனின் விரல்களை இரண்டு கட்டைகளுக்கு நடுவில் வைத்து நெரிக்கும் கிட்டியைப் பற்றி, சென்னை மாகாணச் சித்திரவதை விசாரணைக் குழு 1855இல் விலாவாரியாக அறிக்கை எழுதியிருக்கிறது. அதாவது மரத்தை நெருக்கிப் பிடிக்க ஒரு தச்சனிடம் கிளாம்பு சேர்வதற்கு வெகுகாலம் முன்பே, விரலை நெருக்கிப் பிடிக்க அரசாங்கத்திடம் கிளாம்பு இருந்தது. வசூலுக்கான சாமான் என்றால் தட்டுப்பாடே வருவதில்லை.

அப்பாவின் இடக்கை ஆள்காட்டி விரலின் முதல் கணு ஒரு நாற்காலிக்குப் போயிற்று. நாற்காலிக் குறுக்குக் குச்சிகள் எல்லாம் ஒரே நீளத்தில் வேண்டும். நூல் வைத்து ஒவ்வொன்றாக அளக்கச் சோம்பல். குச்சியின் முனையை நேரே கைடாக நின்ற தேக்குச் சட்டத்தில் முட்டக் கொடுத்து வரிசையாக வெட்டிக்கொண்டிருந்தார். வெட்டுப்பட்ட துண்டு ரம்பத்துக்கும் கைடுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. எகிறியது. அதைத் தட்டிவிடக் கை தானாகப் போயிற்று. துணியைச் சுற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது மேஸ்திரியிடம், "மோட்டார நிறுத்து, கரண்டு வேஸ்ட்டாவுது" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

நான் பின்னாளில் பாங்கு வேலைக்குப் போனேன். அங்கே ஏதோ ஒரு கடன் கோப்புக்காக 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தைப் புரட்ட வேண்டி வந்தது. அதன் முதல் அட்டவணையில் விரல்களுக்கு விலைப்பட்டியல் இருந்தது. கட்டைவிரல் முழுதும் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 சதவீதம் இழப்பு. ஆள்காட்டி விரல் 14, நடுவிரல் 12. மோதிர விரலும் சுண்டுவிரலும் தலைக்கு 7. கணுக் கணக்காகவும் இருந்தது. அப்பா இழந்தது 9 சதவீதம். ஆனால் அவரே முதலாளி என்பதால் அவருக்கு அவரே தர வேண்டும். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் ஆபத்தான இயந்திரத்துக்குத் தடுப்பு போடச் சொன்னது; மின்சாரம் பயன்படுத்தும் இடத்தில் 10 பேராவது வேலை செய்தால்தான் அந்தச் சட்டம் எட்டிப் பார்த்தது. எங்கள் பட்டறையில் அப்பா, ஒரு மேஸ்திரி, ஒரு கையாள், ஒரு கிளாம்பு.

இது அன்று. இன்றைக்கு வருவோம்.

பட்டறை இப்போது செங்கம் சாலைப் பக்கம் இருக்கிறது. நடத்துவது தம்பி மகன். ரமணாசிரமத்தைத் தேடி உலகம் முழுவதிலிருந்தும் வந்து, வந்த இடத்திலேயே வீடு பிடித்துத் தங்கிவிட்டவர்கள்தான் அவனுக்குப் பெரிய வாடிக்கை. சீர் பீரோ கேட்பார் இல்லை. மண்டியிட்டு உட்காரும் தியானப் பலகை, தாழ்வான புத்தக மேசை, யோகா கட்டை, தரையோடு ஒட்டிய கட்டில் என்று, ஆசை துறந்தவர்களுக்கு வேண்டிய சாமான்களின் பட்டியல் நீளமானது.

அவன் பட்டறைச் சுவரைப் பார்த்து நான் அசந்து நின்றேன். கிளாம்புகள் வரிசையாகத் தொங்குகின்றன. சி கிளாம்பு, எஃப் கிளாம்பு, ஒரு கையால் துப்பாக்கி விசைபோல இழுத்து இறுக்கும் கிளாம்பு, துணி உலர்த்தும் கிளிப்பின் பெரியண்ணனாக ஒரு ஸ்பிரிங் கிளாம்பு. அதில் இரண்டு மட்டும் ஜெர்மனி. 1889இல் ஸ்டுட்கார்ட்டில் எஃகு இழுக்கும் ஆலையாகத் தொடங்கிப் பிற்பாடு கிளாம்புக்கு வந்த பெஸ்ஸி கம்பெனியின் சரக்கு. ஊருக்குத் திரும்பிய ஒரு ஜெர்மானியர் விட்டுவிட்டுப் போனாராம். அனைத்தையும் துறக்க இங்கே வந்தவர் உருப்படியாகத் துறந்தது அந்த இரண்டைத்தான். மற்றதெல்லாம் சீனாவிலிருந்தும் பஞ்சாபிலிருந்தும் செல்போன் வழியாக வந்தவை.

"இத்தன இன்னாத்துக்குடா?" என்றேன்.

"எல்லாம் சீப்பு பெரியப்பா. ஒரு எஃப் கிளாம்பு எரநூறு ரூபாகூட இல்ல. ஒரு ஹெல்பருக்கு ஒரு நாளைக்கு எண்ணூறு, ரெண்டு டீ, ஒரு வடை. இது டீயும் கேக்காது, பௌர்ணமிக்கு லீவும் கேக்காது."

வாரக் கூலிக்கு ஒரு கிளாம்பு என்றிருந்தது, ஒரு நாள் கூலிக்கு நான்கு கிளாம்பு என்று புரண்டுவிட்டது. பிள்ளைகளைப் பட்டறையிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிய புண்ணியத்தை 1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம் தன் கணக்கில் எழுதிக்கொள்ளட்டும். அந்தச் சட்டம்கூட 2016இல் திருத்தப்பட்டபோது, பள்ளி நேரம் போக, ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் பிள்ளைகள் உதவலாம் என்று ஒரு சந்து விட்டே வைத்தது. சந்தை அடைத்தது லூதியானாதான். கிளாம்பு மலிந்த அன்றைக்குத்தான் பையனுக்கு விடுதலை.

தம்பி மகன் ஒவ்வொன்றாக விளக்கினான். அவனுடைய ரம்ப மேசையின் கைடு முன்னும் பின்னும் சேர்ந்தே பூட்டிக்கொள்ளும். அதன் முகத்தில் இரண்டு ஓட்டை போட்டு, பட்டாம்பூச்சி நட்டு வைத்து ஒரு பிளைவுட் பலகையைப் பொருத்தியிருக்கிறான். ரம்பம் ஓரத்தில் கொஞ்சம் கடித்தாலும் கடிபடுவது பிளைவுட், இரும்பு தப்பும். காவு பலகை என்று நாமகரணம். பலகைகள் மாறும், கைடு சாகாது.

அடுத்து, ஓர் அங்குலத் தடிமனில் ஒரு சின்னக் கட்டை. அதைக் கைடின் மேல், ரம்பத்துக்கு வெகு முன்னாலேயே கிளாம்பு போட்டு நிறுத்துகிறான். குச்சியின் முனையை அந்தக் கட்டையில் முட்டி அளவு வைத்துக்கொண்டு, குச்சியை மூலைமட்டச் சட்டத்தோடு சேர்த்துப் பிடித்து முன்னால் தள்ளினால், ரம்பத்தைத் தொடும்போது குச்சி கட்டையைக் கடந்து போயிருக்கும். வெட்டுப்பட்ட துண்டுக்கும் கைடுக்கும் நடுவில் ஓர் அங்குலம் காலி இடம். துண்டு மாட்டாது, எகிறாது, சமர்த்தாக அங்கேயே கிடக்கும். அவ்வளவுதான் சூட்சுமம். ஓர் அங்குலக் கட்டை. எங்கள் பட்டறையில் அந்த அளவுத் துண்டுகள் வெந்நீர் அடுப்புக்குத் தினம் ஒரு கூடை போகும். அப்பாவின் 9 சதவீதம் அதிலே ஏதோ ஒன்றின் தயவில் இருந்திருக்கிறது.

மூன்றாவது, சீப்புக் கட்டை. ஒன்றரை அடிப் பலகையின் ஒரு முனையைச் சாய்வாக, 30 பாகையில் வெட்டி, அந்த முனையிலிருந்து உள்நோக்கி இரண்டு நூல் இடைவெளியில் ரம்ப வாய் போட்டுக்கொண்டே போனால், மீந்து நிற்கும் மரம் வளைந்து கொடுக்கும் பற்களாகிவிடும். இதை மேசையோடு கிளாம்பு போட்டு நிறுத்தினால் பலகையைக் கைடோடு அணைத்துப் பிடிக்கும். முன்னே போக விடும். பின்னே எகிற விடாது. வைக்கிற இடம் முக்கியம்: ரம்பத்துக்கு முன்னால் வைக்க வேண்டும். ரம்பத்துக்கு நேரே வைத்தால், அறுபட்ட வாயை இறுக்கி, எதைத் தடுக்க வந்ததோ அதையே செய்துவிடும். அரை நிஜார் அமுக்கிப் பிடித்த வேலையைப் பூட்டும் கைடும் இந்தப் பலகையும் பங்கு போட்டுக்கொண்டன. கூடுதலாக ஒரு தள்ளுக்குச்சி. கை ரம்பத்துக்குப் பக்கத்தில் போகவே வேண்டாம்.

தம்பி மகனிடம் இருந்த சீப்புக் கட்டை மஞ்சள் பிளாஸ்டிக்கில் இருந்தது. மரப் பட்டறைக்குள், இடுப்பளவு மரத்துண்டுக் குவியலுக்கு நடுவில், கடல் கடந்து வந்த பிளாஸ்டிக். "இத நாமே அறுத்துக்கலாமேடா, கால் மணி வேல" என்றேன். "கால் மணி எங்க பெரியப்பா இருக்குது? ஆர்டர் போட்டா நாளைக்கு வூட்டுக்கே வந்துடுது" என்றான். அன்று அந்தச் சீப்பை யாரும் அறுக்கவில்லை, பையன் சும்மா கிடைத்ததால். இன்று யாரும் அறுப்பதில்லை, பிளாஸ்டிக் சுலபமாகக் கிடைப்பதால். இருப்பதிலேயே மலிவான சாமானை மட்டும் எங்கள் வம்சத்தில் இரண்டு தலைமுறையும் தொடவில்லை. கைப்பொருளுக்கு வீட்டில் மரியாதை கிடையாது என்பது தச்சர் வீட்டுக் கட்டிலைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

ரம்ப மேசை முழு வேகத்தில் ஓடும்போது பார்த்தால், சுவரில் தொங்கும் பெரும்பாலான கிளாம்புகளுக்கு அன்று ஓய்வுநாள். கைடின் தலையில் ஒரே ஒரு ஜெர்மன் கிளாம்பு வேலை செய்துகொண்டிருந்தது. அது பிடித்திருந்தது செல்போனை. ரம்பம் தேக்கைக் கிழிக்கும் காட்சியைப் படமெடுத்துப் போட்டால் ஆயிரக்கணக்கில் பார்க்கிறார்களாம். பார்க்கிறவர்களில் பலர் கேட்கும் கேள்வி மரத்தைப் பற்றியது அல்ல. அந்தக் கிளாம்பு எங்கே கிடைக்கும் என்பதுதான்.

வேலைக்குப் போகிற இடத்தில் ரம்ப மேசை ஏது? அங்கே அவனுடைய ஆட்கள், கல் அறுக்கும் நாலங்குல மார்பிள் கட்டரைக் கவிழ்த்து, பலகைக்கு அடியில் போல்ட் போட்டு, மரம் அறுக்கும் தட்டு மாட்டி ஒரு மேசை செய்துகொள்கிறார்கள். தமிழ்நாட்டின் பாதி மாடுலர் கிச்சன் அந்தக் கவிழ்ந்த மெஷினில் பிறந்ததுதான். அதற்குக் கைடு, ஓர் அலுமினியப் பட்டை. பட்டையின் ஒரு முனையில் கிளாம்பு. மறுமுனையில்? பீகாரிலிருந்து வந்த ஒரு பையன், பதினெட்டு முடிந்தவன், ஆதார் அட்டை உள்ளவன், அமுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். அரை நிஜார் முழு பேன்ட்டாகியிருக்கிறது; உத்தரவு இந்திக்கு மாறியிருக்கிறது.

விரலைக் காப்பாற்றவே பிறந்த ஒரு ரம்ப மேசை அமெரிக்காவில் இருக்கிறது. இயற்பியல் படித்த ஸ்டீவ் காஸ் என்ற காப்புரிமை வழக்கறிஞர் 1999இல் யோசித்தது. 2004இலிருந்து 'ஸாஸ்டாப்' என்ற பெயரில் விற்பனை. ரம்பத் தட்டில் மெல்லிய மின்சமிக்ஞை ஓடிக்கொண்டிருக்கும். ஈரமுள்ள உடம்பு பட்டதும் அது மாறும்; அடுத்த கணம் ஓர் அலுமினியக் கட்டை பற்களுக்குள் பாய்ந்து, ஒரு நொடியில் 200இல் ஒரு பங்குக்குள் தட்டு நின்றுவிடும். விரலுக்குப் பதில் ஒரு சாசேஜை ரம்பத்தில் விட்டு அவர் செய்துகாட்டுவது பிரசித்தம். நாமும் சளைத்தவர்கள் இல்லை. ஆயுத பூஜை அன்று ரம்ப மேசைக்கு முன்னால் குங்குமம் தடவிப் பூசணிக்காய் உடைக்கிறோம். விரலுக்குப் பதிலாள் அனுப்பும் யோசனை இரண்டு தேசத்துக்கும் பொது. அவர்கள் சாசேஜோடு ஓர் அலுமினிய முட்டுக்கட்டையும் வைத்தார்கள் என்பதுதான் வித்தியாசம். திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் நிறுவனம் ஹைட்ராலிக் பிரேக் செய்து கொடுத்த பிறகும், வீதி முனையில் அதைத் திருப்ப மரக்கட்டைதான் விழுகிறது. நிறுத்துவதற்கு எத்தனை விஞ்ஞானம் வந்தாலும், வழிகாட்ட ஒரு கட்டையும் அதைப் போட ஒரு கையும் வேண்டியிருக்கிறது.

நான் போயிருந்த நேரத்தில் ஒரு பிரெஞ்சுக்கார அம்மாள் தியானப் பலகை வாங்க வந்தார். தடவிப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார், பிறகு முக்கியமான கேள்வியைக் கேட்டார்: இது முழுக்கக் கையால் செய்ததா? கையால் செய்ததென்றால் கூடுதல் விலை கொடுக்கத் தயார். மனிதக் கை மரத்தின் பக்கமே போகக் கூடாது என்று சுவர் நிறையக் கிளாம்பு மாட்டி வைத்திருக்கும் பட்டறையில் நின்றுகொண்டு கேட்கிறார். கை பட்ட நாளில் எங்கள் சரக்குக்கு மரவிலைதான் கிடைத்தது. கை படாத நாளில் கைக்கு விலை வந்திருக்கிறது.

தம்பி மகன் கொஞ்சமும் தயங்கவில்லை. கைவேலைதான் மேடம் என்று சொல்லி, அத்தாட்சியாகத் தன் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினான். பத்து விரலும் அப்படியே இருந்தன. அப்பா காட்டியிருந்தால் அந்த அம்மாள் நம்பியிருப்பார்.